விழுந்ததும் குப்பைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இந்தப் பகுதியில் வந்திருந்த ஒரு வாசகரின் கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். பலகையின் மேல் நின்றுகொண்டு துடுப்பு போடுகிறவர்கள் வர ஆரம்பித்த பிறகு ஆற்றில் குப்பை கூடிவிட்டது, அவர்களை ஆற்றுப் பக்கமே விடக்கூடாது என்பது அவர் கட்சி. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. தினமும் நடக்கச் சொன்ன டாக்டரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் பேடில்போர்டில் ஏறினேன். ஆறு வருடமாகிறது. கோபத்தோடுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் யோசித்தால், அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

நியாயமில்லாத பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆற்றுக் குப்பையில் பெரும்பங்கு ஊருக்குள்ளிருந்து மழைநீரும் சாக்கடையும் இழுத்து வருவது. 2021இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டது. ஏதோ சில பெரிய நதிகள்தான் குற்றவாளி என்று அதுவரை பேசிவந்ததை மாற்றிய ஆய்வு அது. ஊருக்கு நடுவே ஓடுகிற சின்ன ஆறுகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. எங்களையெல்லாம் கரையேற்றிவிட்டாலும் அந்தக் குப்பை வந்துகொண்டேதான் இருக்கும்.

இனி நியாயமான பாதி. “நாங்கள் யாரும் ஆற்றில் குப்பை போடுவதில்லை” என்று எங்கள் குழுவில் எவரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். பொய்யும் இல்லை. பலகையில் நின்றபடி ஒருவர் ஆற்றில் பாட்டிலை வீசி நான் பார்த்தது இந்த ஆறு வருடத்தில் இரண்டே முறை. ஆனால் எங்கள் பலகைகளிலிருந்து ஆற்றுக்குள் போன பாட்டில்களுக்குக் கணக்கில்லை. அவற்றை யாரும் வீசவில்லை. எல்லாம் தானாக விழுந்தவை.

என் கதையையே சொல்கிறேன். பழக ஆரம்பித்த இரண்டாவது வருடம். பலகையின் முன்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக எலாஸ்டிக் கயிறு இருக்கும். அதன் அடியில் தண்ணீர் பாட்டில், தின்பண்டப் பாக்கெட், துண்டு வைத்த பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் செருகிக்கொண்டு கிளம்பினேன். ஆழம் குறைவான ஓர் இடத்தில், பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் ஒரு கல்லில் தட்டியது. பலகை நின்றது. நான் நிற்கவில்லை. தலைகுப்புற விழுந்து, எழுந்து, மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டுப் பார்க்கிறேன்: பலகை குப்புறக் கிடக்கிறது, எலாஸ்டிக்குக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பாட்டில் முன்னால் போகிறது, பை காற்றை நிரப்பிக்கொண்டு அதன் பின்னால் போகிறது, பாக்கெட்டைக் காணோம். கறுப்புக் கண்ணாடி அங்கேயே முழுகிவிட்டது. பத்து நொடிகூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். பாட்டிலைத் துரத்திப் போனேன். அது, கரையிலிருந்து சாய்ந்து பாதி முழுகிக் கிடந்த ஒரு மரத்தின் கிளைகளுக்குள் போய் நின்றது. ஆற்றில் பழகியவர்கள் இப்படிப்பட்ட மரத்தைக் கண்டாலே விலகிப் போவார்கள். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே சல்லடை மாதிரி ஓடிவிடும், மனிதர் அதில் மாட்டிக்கொள்வார். பலகையோடு என்னைப் பிணைத்திருந்த லீஷ், கணுக்காலில் கட்டுகிற வகை, ஒரு கிளையில் சுற்றிக்கொண்டது. குனிந்து அதை அவிழ்க்கலாம் என்றால் நீரோட்டம் முதுகை அழுத்துகிறது, கை கணுக்கால்வரை போகவே இல்லை. பின்னால் வந்தவர் கரையேறி, மேலேயிருந்து இழுத்துவிட்டதால் பிழைத்தேன். ஓடும் ஆற்றில் கணுக்கால் லீஷ் கூடாது, இடுப்பு பெல்ட்டில் ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற வகைதான் வேண்டும் என்ற பாடம் அன்றைக்குக் கிடைத்தது. ஒரு காலி பாட்டிலுக்காக இவ்வளவும்! முதலிலேயே அதைக் கட்டியிருந்தால் துரத்தவே வேண்டியிருந்திருக்காது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்.

படகுத்துறைகளில் வைக்கிற அறிவிப்புப் பலகைகள் மேல் எனக்கு உள்ள வருத்தமும் இதுதான். ‘குப்பை போடாதீர்கள், மீறினால் அபராதம்’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கிற யாரும் தன்னைச் சொல்வதாக நினைப்பதே இல்லை. குப்பை போடுகிறவன் வேறு எவனோ. ‘நீ விழுவாய், கட்டு’ என்று எழுதினால் நான் நின்று படிப்பேன்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. எளிதில் கவிழக்கூடிய கேனூ, கயாக் போன்ற சின்னத் துடுப்புப் படகுகளில் போகிறவர்கள் கண்ணாடி பாட்டில் கொண்டுபோகக் கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கு மட்டும் விலக்கு. உணவுப்பெட்டி, கவிழ்ந்தாலும் உள்ளிருப்பது சிந்தாதபடி மூடியிருக்க வேண்டும். குப்பைக்கென்று ஒரு பை படகில் கட்டியிருக்க வேண்டும். குடிக்கிற டப்பாவைக்கூட முழுகாமல் மிதக்கிற உறையில் வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர் ஒரு முறையாவது ஆற்றில் விழுந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். நீ நல்லவனா கெட்டவனா என்று அது கேட்கவில்லை. கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறது. கண்ணாடி பாட்டிலை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறது என்பது வெறுங்காலோடு ஆற்றுக்குள் இறங்கியவர்களுக்குத் தெரியும். உடைந்த சில்லு கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்தால் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு, அதைப் பலகையில் உள்ள இரும்பு வளையத்தில் கொக்கியால் மாட்டிவிடுகிறேன். எலாஸ்டிக்கை நம்புவதில்லை. பாட்டிலுக்குத் தனிக் கயிறு, அதுவும் குட்டையாக. நீளக் கயிறு வேறு எதிலாவது மாட்டும். குப்பைக்கு ஒரு வலைப்பை. தண்ணீர் வடிந்துவிடும், காற்றில் உப்பிப் பறக்காது. ஆனால் வலைப்பையில் ஒரு வில்லங்கம் உண்டு. பாக்கெட்டைப் பிரிக்கும்போது ஒரு மூலை கிழியுமே, சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வண்ணம், அது வலைக்கண் வழியாக நழுவிவிடும். எங்கள் குழு கிளம்பிப் போன இடத்தில் ஒரு நாள் மண்டியிட்டுப் பார்த்தேன். பெரிய குப்பை ஒன்றும் இல்லை. இந்த மூலைகள் மட்டும் பதினேழு. அன்றிலிருந்து பாக்கெட்டின் மூலையை முழுதாகக் கிழிக்காமல் ஓரமாகத் தொங்கவிடுகிறேன். கிழிந்துவிட்டால் அதை லைஃப் ஜாக்கெட்டின் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன். அற்பமாகத் தெரியும். ஆற்றுக்கு அற்பம் இல்லை.

அந்தப் பதினேழும் கிடந்த இடம் தண்ணீர் அல்ல, கரையில் நாங்கள் பலகைகளுக்குக் காற்றடிக்கிற இடம். காற்று நிரப்பும் வகைப் பலகை விறைப்பாக நிற்க 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். கைப்பம்பில் கடைசிப் பகுதி உயிரை வாங்கிவிடும். ஒருவர் அடிக்க மற்றவர்கள் சும்மா நிற்கிற நேரத்தில்தான் பாக்கெட்டுகள் பிரிகின்றன, சிகரெட் பற்றுகிறது. சிகரெட்டின் அடிப்பஞ்சைப் பஞ்சு என்றே பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக்கில் ஒரு வகை. அறிவிப்பு வைப்பதானால் இந்த இடத்தில் வைக்கலாம். வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்து யாருக்கு லாபம்? குப்பைத்தொட்டியையும் தண்ணீர் ஓரமாக வைக்கிறார்கள். ஒரு வெள்ளம் வந்தால் தொட்டியும் சேர்ந்து போகும்.

பலகை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முதல் முறை பலகை ஏறுகிற பன்னிரண்டு பேர். அவர்கள் விழுவார்கள் என்பது கொடுக்கிறவருக்குத் தெரியாதா? துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டையும் எண்ணி வாங்கி வைக்கிறார்கள். அதோடு வலைப்பையையும் பாட்டிலையும் எண்ணி வாங்கினால் போதும், வேறு பிரசங்கம் வேண்டாம்.

எங்களைத் தடுப்பதால் ஆற்றுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. நின்றுகொண்டு போகிறவருக்குத் தண்ணீருக்குள் தெரிகிற ஆழம், உட்கார்ந்து போகிறவருக்குத் தெரியாது. 2016இல் லிஸ்ஸி கார் என்ற பெண் இங்கிலாந்தின் நீர்வழிகளில் தனியாகப் பேடில்போர்டில் சுமார் 400 மைல் போனார். வழியில் கண்ட பிளாஸ்டிக்கையெல்லாம் படமெடுத்துப் பதிவு செய்துகொண்டே போனார். எங்களுக்கு அந்த அளவு பொறுமை இல்லை. ஆனாலும் நாணலுக்குள் சிக்கிய தூண்டில் நரம்பைக் கரையில் நிற்கிறவர் பார்க்க முடியாது. போன மாதம் ஒன்று என் ஃபின்னில் சுற்றியது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, முடிவில் துருப்பிடித்த முள்ளும் ஒரு பறவையின் இறகும். அதற்காகவே இடுப்பில் ஒரு சின்னக் கத்தரி வைத்திருக்கிறேன். சாக்குப் பையோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிற துப்புரவு நாட்களில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அது என் குறையாகக்கூட இருக்கலாம்.

போன வாரம் எழுதிய வாசகர் ஒரு நாள் நாங்கள் காற்றடிக்கிற இடத்துக்கு வந்து, கிளம்புமுன் எங்கள் பலகைகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்க்கட்டும். எது விழுகிறதோ அதைச் சொல்லித் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். என் கறுப்புக் கண்ணாடி இன்னும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் எங்கோ கிடக்கிறது. தண்ணீர் வற்றும்போதெல்லாம் போய்த் தேடுகிறேன், கிடைத்தபாடில்லை. அதை அவர் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி