மலை இறங்குமுன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு வெளிநாட்டு ராலிக்குப் போகிறவர்கள் என்ஜினைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். நானும் என் 1967 எம்ஜிபி காரின் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராட்டோ ஊர்ப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டி திணறவே இல்லை. இறக்கத்தில் பாதி வழி வருவதற்குள் பிரேக் மிதி பஞ்சாக அமுங்கித் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரம் கட்டினேன். சக்கரத்தில் கருகல் வாசனை. வழி சொல்லிக்கொண்டு வந்த என் மனைவியின் கையில் மேப் கசங்கிக் கிடந்தது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிய ஆயில், இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில், 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். குழாயில் ஆவி நிறைந்தால் மிதியில் அழுத்தம் ஏது?

ஈரத்தைக் காட்டும் கருவி பேனா அளவுதான். புறப்படும் இடத்திலேயே ஒவ்வொரு காரையும் அதைக் கொண்டு சோதிப்பதை ராலி நடத்துபவர்கள் கட்டாயமாக்க வேண்டும்.

இன்னொன்று: கார்னெ (காரைச் சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக உதவும் ஆவணம்) கேட்கும் நாடுகளில், அதில் வெளியேறும் முத்திரை வாங்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள். பின்னால் சுங்க வரி கேட்டுக் கடிதம் வரும்.

இப்படிக்கு,
ஒரு எம்ஜிபி உரிமையாளர்