நாலு அடி நடந்து பார்த்துச் சொல்

அன்பு மகள் கவிதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கொல்லைக் கறிவேப்பிலை பூத்திருக்கிறது. போன ஞாயிறும் நீ பேசவில்லை. ஜோஹானஸ்பர்கில் வேலை அதிகமாயிருக்கும்.

உன் காலைப் பற்றிக் குமார் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. பயிற்சி ஓட்டத்தில் பாதம் உட்பக்கம் மடங்கி வெளிக்கணு வீங்கிவிட்டதாமே. ராணி அத்தை சூடான எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்கிறாள். கேட்காதே. முதல் இரண்டு மூன்று நாட்கள் சூடும் ஆகாது, நீவுவதும் ஆகாது. உள்ளே கசிவு கூடி வீக்கம் ஏறும். ஐஸை ஈரத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வைத்தால் போதும். வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கட்டுத்துணியை விரல் பக்கத்திலிருந்து மேலே சுற்று. விரல் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்திவிடு.

கால் ஊன்றி நாலு அடி நடக்க முடிகிறதா? முடியாவிட்டாலும், கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். இதற்காவது பதில் சொல்.

1975 வரை நம் இந்தியர்களையும் பெண்களையும் முறைப்படி சேர்க்காத ஓட்டம் காமரேட்ஸ், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையிலான அந்த நெடுந்தூர ஓட்டம். அதில் என் மகள் மார்பில் எண் குத்திக்கொண்டு 12 மணி நேரக் கெடுவுக்குள் ஓடி முடித்தாள். கோயிலில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு சுளுக்கை அப்பாவிடம் மறைப்பானேன்?

ஓடாதே என்று நான் சொல்லவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து இறங்கிவரும் பாதை உனக்கே தெரியும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் உடல் பாரம் முழுவதும் கணுவில்தான் இறங்கும். அறுந்த நார் கூடுவதற்குள் ஓடினால் மறுபடி அதே இடம்தான் பிசகும். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக் காலில் நின்று பழகு. போன நிதானம் அப்படித்தான் திரும்பும். வலிக்குப் பனாடோ (பாரசிட்டமால்) போதும். அழற்சியைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு நெடுந்தூரம் ஓடுகிறார்களே, அது சிறுநீரகத்துக்கே கேடு. பதிவுக் கட்டணம் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

ஐஸ் வைக்க மறக்காதே. ஈரத் துண்டில் சுற்றி வை.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் அம்மாவை அனுப்ப டிக்கெட் விசாரித்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் அதை நீயே போனில் கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா
சாட்ஸ்வொர்த், டர்பன்