பருத்தி விதைக்குப் பூட்டுப் போட்டது காப்புரிமை மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு மாற்று விதை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "காப்புரிமை வந்துவிட்டது, இனி சொந்த வயலில் விளைந்த விதையை எடுத்து வைத்தாலே வழக்குதான்" என்கிறார்கள் சிலர். "நம் சட்டம் விவசாயியைக் காக்கும், பயம் வேண்டாம்" என்கிறார்கள் வேறு சிலர். பருத்தி விவசாயியின் நிலைமை இந்த இரண்டு பேச்சுக்கும் வெளியே இருக்கிறது. விதையை எடுத்து வைக்கச் சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. எடுத்து வைத்தால் பயன்படும் பி.டி. விதைதான் (காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சு செடியிலேயே உண்டாகும்படி பாக்டீரியா மரபணு ஏற்றிய விதை) கடையில் அவருக்குக் கிடைப்பதில்லை.

முதலில் சட்டம். பயமுறுத்துவோர் காட்டும் வழக்குகள் இரண்டு; காப்புரிமை பெற்ற மரபணு உள்ள விதையை அனுமதியின்றிப் பயிரிட்டதாக விவசாயிகள் மீது மான்சாண்டோ நிறுவனம் போட்டவை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் கனோலா என்னும் எண்ணெய் வித்தைப் பயிரிட்ட பெர்சி ஷ்மைசருக்கு எதிராக 2004-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் சோயா பயிரிட்ட பௌமன் 2013-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாகத் தோற்றார். இரண்டும் அந்தந்த நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி வந்த தீர்ப்புகள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு தாவரங்களுக்கும், அவற்றின் எந்தப் பகுதிக்கும், விதைக்கும், ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. புதிய ரகங்களுக்கென்று நாம் தனியாக இயற்றியது 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். அதன் 39(1)(iv) பிரிவை ஒவ்வொரு விவசாயியும் மனப்பாடமாக வைத்திருக்கலாம். பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். தடை ஒன்றே ஒன்று: அது இன்ன பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும் லேபிள் ஒட்டிப் பொட்டலத்தில் விற்கக் கூடாது. கோணியில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு விற்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை.

இந்த உரிமை உரசிப் பார்க்கப்பட்டது உருளைக்கிழங்கில். சிப்ஸுக்கென்று வளர்க்கும் எஃப்.எல். 2027 ரகத்தை (எஃப்.சி. 5 என்பார்கள்) பெப்சிகோ 2016 பிப்ரவரியில் பதிவு செய்தது. 2019-இல் குஜராத்தின் சபர்காந்தா மாவட்ட விவசாயிகள் நான்கு பேர் மீது தலா 1.05 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழ, மே மாதமே வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பர் 3-ஆம் தேதி, ரகங்களைப் பதிவு செய்யும் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் பதிவையே ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அந்த ரத்தை ஏற்றார். 2024 ஜனவரி 9-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பதிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. பதிவு செல்லுமா என்பதே அங்கே கேள்வி. பதிவு உயிரோடிருந்தாலும் 39-ஆவது பிரிவு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்த மூன்று வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கனோலா, சோயா, உருளைக்கிழங்கு மூன்றிலும் எடுத்து வைத்த விதையோ கிழங்கோ மறு பருவத்திலும் நம்பிப் பயிரிடும்படி இருந்தது. அதனால்தான் நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின. இந்தியப் பருத்தியில் அதற்குத் தேவையே எழவில்லை. இங்கே பி.டி. பருத்தி ஏறக்குறைய முழுவதும் ஒட்டு விதையாகவே (இரண்டு பெற்றோர் ரகங்களைக் கலந்து உண்டாக்கும் ஹைப்ரிட்) வந்தது.

ஒட்டுப் பருத்தியின் விதையை எடுத்து விதைத்தால் என்ன ஆகும்? இப்போது விற்கும் பி.ஜி. 2 என்ற பி.டி. விதையில் கிரை1ஏசி, கிரை2ஏபி என்று புழுவைக் கொல்லும் இரண்டு மரபணுக்கள் உண்டு. ஒட்டின் இரு பெற்றோரில் ஒன்றில் மட்டும் இவை இருந்தால், அடுத்த தலைமுறையில் இரண்டும் தனித்தனியே பிரியும். 16 செடிக்கு 9-இல் இரண்டு மரபணுவும் இருக்கும், 6-இல் ஏதாவது ஒன்று, 1-இல் எதுவுமே இருக்காது. எது எந்தச் செடி என்று கண்ணுக்குத் தெரியாது. உயரம், காய் வெடிக்கும் நாள், இழை நீளம் எல்லாமே செடிக்குச் செடி மாறும். பஞ்சு ஒரே தரமாக இல்லாததால் வியாபாரி விலையைக் குறைப்பார். வீரியமும் முதல் தலைமுறையோடு இறங்கிவிடும். ஆகவே சட்டம் கொடுத்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே விவசாயி ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கப் போகிறார்.

ஒட்டுப் பருத்தியே தீது என்று சொல்ல வரவில்லை. உலகில் முதன்முதலாக வணிகப் பயிரான ஒட்டுப் பருத்தி எச்-4, 1970-இல் சூரத்தில் நம் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. நம் சேலம் வட்டாரத்துப் பெண்கள் மொக்கு மொக்காக மகரந்தம் நீக்கி ஒட்டு விதை உற்பத்தி செய்யும் திறமை எளிதில் வராது. ஆனால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் பி.டி. மரபணுவை நேர் ரகங்களில் (ஒட்டு அல்லாத, விதை எடுத்தால் மாறாமல் வரும் ரகங்கள்) ஏற்றி நெருக்கமாக விதைக்க, 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்த நாம் மட்டும் ஒட்டு வழியே போனோம்.

அந்த முடிவின் விலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பாக்கெட்டில் ஏறத்தாழ 4,500 முதல் 5,000 விதைகள் இருக்கும். 90-க்கு 60 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 7,500 குழிகள். இரண்டு பாக்கெட் போதும். மானாவாரி நிலத்துக்கு ஏற்ற நெருக்க நடவில் 90-க்கு 15 செ.மீ. என்றால் சுமார் 30,000 செடிகள்; குறைந்தது ஆறு பாக்கெட். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த பி.ஜி. 2 விலை பாக்கெட்டுக்கு 901 ரூபாய். ஆக, விதைக்கே ஏக்கருக்கு 5,400 ரூபாய். மழையை நம்பி விதைப்பவர் இந்தப் பணத்தை மண்ணில் போடத் துணிய மாட்டார். செடியைத் தள்ளித் தள்ளி நடுகிறார், ஒவ்வொரு செடியும் படர்ந்து அதிகக் காய் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

காப்புரிமைக் கட்டணத்தை மட்டும் குறை சொல்வோர் இதையும் பார்க்க வேண்டும். 2016-இல் பி.ஜி. 2 பாக்கெட் விலை 800 ரூபாய், அதில் தொழில்நுட்பக் கட்டணம் 49. 2020-இல் அந்தக் கட்டணம் பூஜ்யம் ஆக்கப்பட்டது; பாக்கெட் விலை 730. கட்டணம் போய்விட்டது, விலையோ 2025-26-இல் 901 ஆகிவிட்டது.

காத்திருக்கும் அந்த மாதங்களில்தான் இளஞ்சிவப்பு காய்ப்புழு வருகிறது. அது பருவத்தின் பிற்பகுதிப் பூச்சி. காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும். மேலே சொன்ன பிரிதல் ஒட்டுச் செடியின் காய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஒரே காயில் நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடக்க, அரைகுறை நஞ்சைத் தின்று பிழைக்கும் புழுக்கள் எதிர்ப்புத் திறன் பெறுகின்றன. குஜராத்தில் கிரை1ஏசி-க்கு எதிர்ப்பு வந்ததை மான்சாண்டோ நிறுவனமே 2010-இல் ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் பி.ஜி. 2-உம் இந்தப் புழுவிடம் தோற்றது. எதிர்ப்புத் திறன் பரவாமல் இருக்க, வயலைச் சுற்றி பி.டி. அல்லாத பருத்தியை வரிசையாக விதைக்கச் சொல்லி 120 கிராம் தனிப் பொட்டலம் கொடுத்தார்கள்; பெரும்பாலோர் விதைக்கவில்லை. ஓரத்து ஐந்து வரிசையைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்கச் சிறு விவசாயிக்கு எப்படி மனம் வரும்?

இனி, தீராமல் கிடக்கும் சட்டக் கேள்வி. கிரை2ஏபி தொடர்பான மான்சாண்டோவின் 214436 எண் காப்புரிமை செல்லாது என்று 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, முழு விசாரணை நடத்தச் சொன்னது. அவ்வாண்டே காப்புரிமைக் காலம் முடிந்தது, 2021-இல் மான்சாண்டோ தரப்பும் எதிர்த் தரப்பான நுஜிவீடு விதை நிறுவனமும் சமரசம் ஆயின. செடிக்குள் போன மரபணுவுக்குக் காப்புரிமை நீளுமா என்ற கேள்விக்கு இன்றுவரை இறுதி விடை இல்லை. 39-ஆவது பிரிவு, "இச்சட்டத்தில் எது சொல்லப்பட்டிருந்தாலும்" என்றே தொடங்குகிறது. காப்புரிமைச் சட்டத்தைப் பெயர் சொல்லவில்லை. பிற சட்டங்கள் முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்னும் 92-ஆவது பிரிவு நமக்கு நல்ல பிடிதான். ஆனால் இன்னொரு புதிய மரபணு சந்தைக்கு வரும்வரை காத்திருந்து நீதிமன்றத்தில் அதைச் சோதிப்பதைவிட, காப்புரிமைச் சட்டத்திலேயே விவசாயிக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பது பாதுகாப்பு. தேனீ கொண்டுவந்த மகரந்தத்தால் பக்கத்து வயல் மரபணு தன் விதையில் கலந்தால், அறியாமல் நேர்ந்த மீறலுக்கு 42-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. காப்புரிமைச் சட்டத்தில் விவசாயிக்கென்று தனியாக அப்படியொரு பாதுகாப்பு இல்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கிரை1ஏசி-க்கு இந்தியாவில் காப்புரிமையே எடுக்கப்படவில்லை. நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் அதை நேர் ரகங்களில் ஏற்றி சூரஜ் பி.டி., ரஜத் பி.டி., பி.கே.வி. 081 பி.டி. போன்றவற்றைக் கொடுத்தது. இவை இளஞ்சிவப்புப் புழுவைத் தடுக்காது என்பார்கள், உண்மை, பி.ஜி. 2-உம் தடுப்பதில்லை. குறுகிய நாளில் முடியும் ரகத்தை நெருக்கி விதைத்து, புழு பெருகும் முன் பறித்து முடிப்பதே அந்தப் புழுவுக்கு மருந்து. எம்.சி.யு. 5-ஐயும் எல்.ஆர்.ஏ. 5166-ஐயும் நாட்டுக்குக் கொடுத்த கோயம்புத்தூருக்கு, நம் மண்ணுக்கேற்ற பி.டி. நேர் ரகம் கொடுப்பது முடியாத வேலை அல்ல. நெருக்க நடவுக்கென்றே கோ 17 ரகத்தை வெளியிட்ட பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

நேர் ரகம் கைக்கு வந்தால், வீட்டு விதை எடுப்பதில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. வேறு பருத்தி வயலிலிருந்து பயிர் விலகு தூரம் 30 மீட்டராவது வேண்டும். பூக்கும் முன்னரே கலவன் செடிகளைப் பிடுங்க வேண்டும். முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் விதைக்கு ஆகாது. அதிகம் கெடுவது பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லில்: முந்தைய ஆளின் கொட்டை எந்திரத்திலும் தரையிலும் கிடந்து கலந்துவிடும். கூட்டிப் பெருக்கச் சொல்லி, நின்று பார்த்து அரைக்க வேண்டும். பிரித்த கொட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சை நீக்க ஒரு கிலோ விதைக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம். பிளாஸ்டிக் வாளியில், மரக்குச்சியால், கையுறையோடு இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் நிறையத் தண்ணீரில் நான்கைந்து முறை கழுவி, மிதப்பதை எறிந்துவிட வேண்டும். அமிலத்தில் கூடுதல் நேரம் விட்டால் முளை வெந்துவிடும். நிழலில் 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, விதைக்கும் முன் 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்பு பார்க்க வேண்டும். 65-க்குக் கீழே முளைத்தால் அந்த விதை வேண்டாம்.

பாக்கெட் விதை வாங்குவோருக்கும் ஓர் ஆயுதம் உண்டு. 39(2) பிரிவின்படி, பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். ரகம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவாகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் உறுதி செய்தது. எல்லா விதையையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் சோதனைக்கு மாதிரி எங்கே என்று கேட்க முடியாது என்றும் சொன்னது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ரசீது, குவியல் எண் உள்ள அட்டை, காலிப் பாக்கெட் மூன்றும் கையில் இருக்கட்டும். முளைப்போ காய்ப்போ பொய்த்தவுடன், செடி வயலில் நிற்கும்போதே விதை ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள். உழுதுவிட்டுப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி என்று ரகசியமாக விற்கும் விதைக்கு அனுமதியும் இல்லை, ரசீதும் இல்லை. அது பொய்த்தால் யார் மீதும் கேட்க வழியில்லை. களை எடுக்க ஆள் கிடைக்காத கஷ்டத்தில்தான் வாங்குகிறார்கள் என்பதை அறிவோம். அந்தக் கஷ்டத்துக்கு அரசு வேறு விடை கொடுத்தாக வேண்டும்.

மத்திய அரசு 2025 நவம்பரில் விதை மசோதா வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது சட்டமாகும்போது மூன்று சேர்க்கப்பட வேண்டும். பாக்கெட்டின் முகப்பில் "ஒட்டு: விதை எடுக்க ஏற்றதல்ல" அல்லது "நேர் ரகம்: விதை எடுக்கலாம்" என்று அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 39(2)-இல் உள்ளது போல எதிர்பார்க்கும் விளைச்சலையும் அதற்கான நிபந்தனையையும் அதே பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இழப்பீட்டு மனுவை டெல்லிக்கு அனுப்பாமல் மாவட்டத்திலேயே பெற்று, அந்தப் பருவம் முடியும் முன் தீர்க்க வேண்டும். தமிழக அரசும் பெரம்பலூர், விருதுநகர் மாவட்டங்களில் வரும் ஆடிப்பட்டத்துக்கே பி.டி. நேர் ரகங்களை அரசு விதைப் பண்ணைகளில் பெருக்கி, வேளாண் விரிவாக்க மையங்களில் கிலோக் கணக்கில் விற்கத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பருத்தி விவசாயிகளோடு பணிபுரியும் வாசகர்,
பெரம்பலூர்.