லட்டுவுக்குப் பாடம் தொடங்கும் முன்

வேளச்சேரி, சென்னை

அன்பு மகள் யாழினிக்கு,

தொலைபேசியில் பேசினால் பாதியில் உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது என்பதால், சொல்ல வேண்டியதை முழுமையாக எழுதியே அனுப்புகிறேன். உன் நாய்க்குட்டி லட்டு, வாசல் மணி அடித்தால் வருகிறவர் மேல் தாவுகிறது, கூப்பிட்டால் வருவதில்லை, நடக்கக் கூட்டிப்போனால் கயிற்றைக் கடித்து இழுக்கிறது என்றாய். செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம். அதை மட்டும் செய்யாதே. அடி வாங்கும் குட்டிக்கு எதற்காக அடி விழுந்தது என்பதே பல நேரம் விளங்குவதில்லை. கை ஓங்கினால் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது மட்டும் நன்றாக விளங்கிவிடுகிறது. பிறகு கூப்பிட்டால் வரவில்லை என்று அதனிடமே கோபித்துக்கொள்வோம்.

நம் வீராவுக்கு நான் கிளிக்கர் வைத்துப் பழக்கியபோது, வயதான காலத்தில் அம்மாவுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது என்று நீயும் மாப்பிள்ளையும் சிரித்தீர்கள். தெருவில் பிறந்து வளர்ந்த நாட்டு நாய் இன்று லிஃப்ட் கதவு திறந்தால் உட்கார்ந்து காத்திருப்பது அந்தச் சாமானால்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் எப்போதும் ஒரே மாதிரியாக, சுருக்கமாக ‘டிக்’ என்கிறது. வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓசை எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால், ஒரு வாரத்தில் அது இழுப்பறைக்குள் போய்விடும்.

நாய் ஒரு செயலைச் செய்து முடிக்கும் கணம் மிகச் சிறியது. அது உட்கார்ந்ததைப் பார்த்து, நீ டப்பாவைத் திறந்து, தீனியை எடுத்து, குனிந்து நீட்டுவதற்குள் அது எழுந்து உன் கையை முகர்ந்துகொண்டிருக்கும். எழுந்ததற்குத்தான் தீனி கிடைத்தது என்று அது எடுத்துக்கொண்டால் அதன் மேல் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த அதே நொடியில் ‘டிக்’ என்று கேட்டுவிட்டால், தீனி வாய்க்கு வர ஓரிரு நொடி ஆனாலும், எதற்காக வந்தது என்பதில் அதற்குக் குழப்பம் இருக்காது.

இது நேற்று முளைத்த உத்தி அன்று. உணவுக்கு முன் தவறாமல் வரும் ஓர் ஓசை, உணவு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறச் செய்யும் என்று ரஷ்யாவில் பாவ்லோவ் காட்டி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நல்ல விளைவைத் தரும் செயலை உயிரினம் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை அமெரிக்காவில் பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் ஆய்வுக்கூடத்தில் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதியர் 1940களில் அதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து, பலவகை விலங்குகளைப் பழக்கிக் காட்டினார்கள். எனக்கு இதில் பிடித்த பகுதி டால்பின்களின் கதைதான். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, அதட்டவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது பேசாமல் குளத்தின் மறுகோடிக்கு நீந்திப் போய்விடும். அது அந்தரத்தில் துள்ளும் கணத்தில் வாயில் மீனைப் போடவும் இயலாது. எனவே துள்ளும் கணத்தில் விசில், பிறகு மீன் என்று பழக்கினார்கள். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் என்ற அம்மையார், 1990களின் தொடக்கத்தில் நாய் வளர்ப்போரிடையே கிளிக்கர் பரவுவதற்குப் பெரிய காரணமாக இருந்தார்.

இனி உன் வேலை. லட்டுவை அறைக்கு வெளியே விட்டுவிட்டு, முதலில் மாப்பிள்ளையை ஒரு பந்தைக் கீழே போடச் சொல். பந்து தரையைத் தொடும் நொடியில் நீ கிளிக்கரை அழுத்த வேண்டும். எளிது என்று நினைப்பாய், செய்து பார். உன் விரல் பந்தோடு சேரும் வரை லட்டுவை உள்ளே அழைக்காதே, ஏனென்றால் இந்த முறையில் தாமதமாக வரும் விரல்தான் பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம்.

தீனி பொட்டுக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். வேகவைத்த கோழிக்கறியைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நம் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்பதால் நான் உப்பில்லாத பன்னீரைத்தான் நறுக்கி வைத்துக்கொண்டேன், வீரா அதற்காக எதையும் செய்வான். பன்னீர் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் சிறிது கொடுத்துப் பார், அன்றாடச் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடு. கேசரியில் இருந்து எடுத்த உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் எதுவும் கூடாது. இவை நாய்க்கு நஞ்சு.

அமைதியான அறையில், மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்க, லட்டுவிடம் ஒன்றும் கேட்காமல் ‘டிக்’ செய்து உடனே ஒரு துண்டு கொடு. பத்துப் பதினைந்து முறை போதும், பிறகு விட்டுவிடு. கவனிக்க வேண்டியது ஒன்று: ஓசை கேட்கும் வரை உன் கை டப்பாவின் பக்கம் அசையவே கூடாது. கை முன்னால் போனால் நாய் கையைத்தான் படிக்கும், ஓசையைக் காதில் வாங்காது. அடுத்த நாள் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை அழுத்து. சட்டென்று தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தால் ஓசைக்குப் பொருள் வந்துவிட்டது. ஓசையைக் கேட்டு மிரண்டால் கிளிக்கரைப் பாக்கெட்டுக்குள் வைத்து அழுத்து, அல்லது பந்துமுனைப் பேனாவின் பொத்தானைப் பயன்படுத்து. கிளிக்கருக்குப் பதிலாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ள விரும்பினால் ‘யெஸ்’ என்று வைத்துக்கொள். நாள் முழுவதும் தொலைபேசியில் நீ சொல்லும் ‘சரி’ எதற்கும் உதவாது.

இந்த ஓசை லட்டுவுக்கு நீ கொடுக்கும் வாக்கு. தவறான நேரத்தில் அழுத்திவிட்டாலும் தீனியைக் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கூப்பிடுவதற்கோ, அதன் கவனத்தைத் திருப்புவதற்கோ கிளிக்கரை அழுத்தவே கூடாது. பிள்ளைகள் யாராவது வந்து கையில் எடுத்து விளையாட்டாக டிக்டிக் என்று அடித்துத் தள்ளினால், நீ சேர்த்து வைத்த பொருள் கரைந்துவிடும்.

முதல் பாடமாக ‘சிட்’ என்று உட்காரப் பழக்குவது வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளங்கையை அதன் மூக்குக்கு அருகே நீட்டு. முகர்ந்து பார்க்க மூக்கு தொட்டதும் டிக், தீனி. மெல்லக் கையைத் தள்ளி வைத்தால் நாலடி நடந்து வந்து தொடும். சில நாளில் அறையின் மறுகோடியிலிருந்து ஓடிவரும். கூப்பிட்டால் வருவதற்கான பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது தயங்காமல் செய்யத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். புரியாத செயலுக்குப் பத்து முறை கட்டளை சொன்னால் அந்தச் சொல் வெறும் இரைச்சலாகிவிடும். எந்தச் சொல் என்பதை நீயும் மாப்பிள்ளையும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டில் எல்லோரிடமும் தமிழ் பேசிவிட்டு நாயிடம் மட்டும் ஆங்கிலம் பேசுகிறோம். அது உங்கள் விருப்பம், ஆனால் ஒருவர் ‘கம்’ என்றும் ஒருவர் ‘இங்கே வா’ என்றும் கூப்பிட்டால் தொடக்கத்தில் அது திணறும்.

வாசலில் தாவுவதற்கும் இதே வழிதான், கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்: தாவுவதை எப்படி நிறுத்துவது என்று கேட்காமல், தாவாத நேரத்தில் அது என்ன செய்ய வேண்டும் என்று கேள். நான்கு காலும் தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஒருவரை மணி அடித்து வரச் சொல். கால்கள் தரையில் இருக்கும் நொடியில் டிக், தீனியைத் தரையிலேயே போடு. தாவினால் வந்தவர் பேசாமல் திரும்பி நிற்கட்டும்; தள்ளிவிடுவதும் கத்துவதும் அதற்கு விளையாட்டாகவே தெரியும். நம் குடியிருப்பில் பால்காரரையும் காவலாளியையும் வைத்தே நான் இதைப் பழக்கினேன். அவர்கள் என்னைவிடப் பொறுமையாக ஒத்துழைத்தார்கள்.

ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். இங்கே வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்கு முன்போ, மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகோதான் எங்களால் வெளியே பழக்க முடிகிறது, சாலை சுட்டால் பாதம் வெந்துவிடும். உங்கள் புணேயில் அந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம். அறையில் நன்றாகச் செய்தது தெருவில் ஒன்றுமே தெரியாதது போல நின்றால் பிடிவாதம் என்று நினைக்காதே. ஆட்டோ, பூனை, குப்பைத்தொட்டி நடுவில் அது அதற்குப் புதிய பாடம், ஆகவே மறுபடி எளிதாக்கித் தொடங்கு. பழகிவிட்ட செயலுக்கு வாழ்நாள் முழுவதும் கிளிக்கர் தேவையில்லை, பாராட்டும் அவ்வப்போது ஒரு துண்டும் போதும். கிளிக்கர் புதிதாகக் கற்பிக்க மட்டும்தான்.

உள்ளங்கையைத் தொடும் பாடத்தை முதலில் ஒரு நிமிடம் படம்பிடித்து அனுப்பு. மாப்பிள்ளை பக்கவாட்டில் நின்று எடுக்கட்டும், உன் கட்டைவிரலும் லட்டுவின் மூக்கும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். பின்னணியில் பாட்டுப் போடாதே, ஓசை எந்த நொடியில் விழுகிறது என்று நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா