கோப்பை வாங்காவிட்டாலும் சேலம் அணி நம் அணிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் நம் மாவட்டத்து அன்பர் ஒருவர் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணியைப் பற்றி எழுதியிருந்தார். 2025 டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் போட்டியிலும் சேலம் முதல் நான்கு இடத்துக்குள் வரவில்லை. ஆடுகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். இந்தியாவுக்கு ஆடிய நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனே திருப்பூர் அணியில் ஆடினார், அந்தத் திருப்பூர்தான் கோப்பையும் வாங்கியது. போதாததற்கு இந்த அணியே தூத்துக்குடியிலிருந்து வந்தது. அப்புறம் எதற்கு 'நம்ம ஊர் டீம்' என்று கொண்டாட வேண்டும் என்பது அவர் கேள்வி. அவர் சொன்ன விவரங்களில் பிழை இல்லை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு நாள் மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

நான் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காந்தி ஸ்டேடியத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். நைட் ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேராக மைதானத்துக்குப் போன நாட்கள் உண்டு. சேலம் என்ற பெயரில் யார் ஆடினாலும் அவர்கள் பக்கம்தான் நான். அதற்கு மேல் காரணம் தேடியதில்லை. அந்தக் காரணத்தை எனக்கு எடுத்துச் சொன்னது, கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஊர்க்காரர்.

என் மகள் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். 2025 பொங்கல் முடிந்து நானும் மனைவியும் அங்கே போய், மே மாதக் கடைசியில் திரும்பினோம். போன புதிதில் வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். அந்த ஊரில் பேச்சு, மூச்சு எல்லாம் ஐஸ் ஹாக்கி. ஊர் அணியின் பெயர் வின்னிபெக் ஜெட்ஸ். பக்கத்து வீட்டில் என் வயதையொத்த ஒரு பெரியவர். எங்கள் வாசலில் கிடந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார். அப்படித்தான் பழக்கம். மாப்பிள்ளை உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சை எடுத்துச் சொல்வார்.

அவர் ஒருநாள் பர்ஸிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து, ஓரமெல்லாம் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. தேதி 28 ஏப்ரல் 1996. அன்றுதான் பழைய வின்னிபெக் ஜெட்ஸ் அணி சொந்த ஊரில் கடைசியாக ஆடியது. டெட்ராய்ட் அணியிடம் தோற்றது. அதன் பிறகு அணி அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் போய்விட்டது. ஊரில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததா என்றால் இல்லை. 1992-93ல் தேமு செலான்னே என்ற ஃபின்லாந்து இளைஞர், தான் ஆடிய முதல் பருவத்திலேயே 76 கோல் போட்டது அந்த அணிக்குத்தான். முதல் பருவம் ஆடியவர்களில் இன்றைக்கும் அதை யாரும் தாண்டவில்லை. சின்ன ஊர், பழைய அரங்கம், கனடா டாலருக்கு மதிப்புக் குறைவு, வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். கட்டுப்படியாகவில்லை. 1995லேயே போகப்போகிறது என்று பேச்சு வந்தபோது ஊரே திரண்டு நிதி திரட்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அப்படியும் ஒரு வருடம்தான் தள்ளிப்போட முடிந்தது.

பதினைந்து ஆண்டுகள் அந்த ஊருக்குப் பெரிய லீகில் அணி இல்லை. 2011ல் திரும்ப வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் நம் அன்பர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்த த்ராஷர்ஸ் அணியை வின்னிபெக் முதலாளிகள் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து ஜெட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதாவது இன்னோர் ஊரின் அணி. ஊர்க்காரர்கள் 13,000 பேர் சில வருடங்களுக்குச் சேர்த்து சீசன் டிக்கெட் எடுத்தால்தான் தாங்கும் என்று கணக்கு. பொதுமக்களுக்கு விற்பனை திறந்த அன்று 17 நிமிடத்தில் மிச்சமிருந்தது அத்தனையும் தீர்ந்துபோனது.

வீரர்கள் உள்ளூரா என்று பார்த்தால், கோல்கீப்பர் ஹெல்லபக் மிச்சிகன்காரர். கோல் அடிப்பதில் பேர்போன கைல் கானரும் மிச்சிகன்தான். மார்க் ஷெய்ஃபலி ஒன்டாரியோ. "இவர்களில் யாருமே உங்கள் ஊரில் பிறக்கவில்லையே?" என்று நானே கேட்டேன். பெரியவர் சொன்னதை மாப்பிள்ளை அப்படியே சொன்னார்: "மாமா, வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் போவார்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது நாங்கள்தானே என்கிறார்."

மே 4ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அணியோடு ஏழு ஆட்டத் தொடரில் ஏழாவது, கடைசி ஆட்டம். தோற்றால் வெளியே. அந்த ஊரில் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்று வந்தால் எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும், 1987லிருந்து வழக்கம். மாப்பிள்ளை எனக்கொரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தார். கீழே நான் என் வேட்டியையே கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். பெரியவரும் வந்திருந்தார். ஷெய்ஃபலி காயத்தால் ஆடவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று ஜெட்ஸ் பின்தங்கியிருந்தது, இரண்டே நிமிடம் பாக்கி. அப்படி ஒரு நிலைமை வந்தால் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை முன்னால் அனுப்புவார்கள். நம் கோல் காலியாகக் கிடக்கும். எதிரணி கையில் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு சிக்கினால் கதை முடிந்தது. அந்தத் துணிச்சலில் ஒரு கோல் வந்தது. பிறகு, கடிகாரத்தில் 1.6 விநாடி மிச்சமிருக்கும்போது பெர்ஃபெட்டி என்ற வீரர் இன்னொரு கோல் போட்டார். மூன்றுக்கு மூன்று. பெரியவர் எழுந்து நிற்கக்கூட இல்லை. என் முழங்கையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. கூடுதல் நேரம் ஒன்று முடிந்து, இரண்டாவதிலும் பாதிக்கு மேல் போன பிறகு கேப்டன் ஆடம் லவுரி அடித்து முடித்தார். என் மனைவி தூங்கப் போனவள் எழுந்து வந்துவிட்டாள். தெருவில் கார் ஹாரன் சத்தம் அடங்க வெகுநேரமானது.

அடுத்த சுற்றில் டல்லாஸ் அணியிடம் ஜெட்ஸ் தோற்றுவிட்டது. மே 17 ஆட்டத்துக்கு முந்தின இரவுதான் ஷெய்ஃபலியின் தகப்பனார் இறந்துபோனார். மறுநாள் அவர் களத்தில் இறங்கினார், அணி அடித்த ஒரே கோலும் அவருடையதுதான். லீக் சுற்றில் எல்லா அணிக்கும் மேலே 116 புள்ளியோடு நின்ற அணி, கோப்பை இல்லாமல் வீட்டுக்கு வந்தது. அடுத்த நாள் காலையில் பெரியவர் அதே ஜெட்ஸ் தொப்பியோடு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த லீகின் ஸ்டான்லி கோப்பையை ஜெட்ஸ் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் என்ற பெயரில் இருந்தபோது இதே அணி 2016ல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது. சேப்பாக்கம் அணியை இறுதி ஆட்டத்தில் 122 ரன் வித்தியாசத்தில் நசுக்கியது. அந்தச் சந்தோஷம் தூத்துக்குடிக்காரர்களுடையது. அவர்களிடமிருந்து போய்த்தான் 2021ல் நம் பெயரோடு ஆடத் தொடங்கியது. அட்லாண்டாக்காரர்களை நினைத்தால் தனக்குச் சங்கடமாக இருக்கும் என்று பெரியவர் சொல்வார். ஓர் ஊர் இழந்ததை நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதை நாம் நாலு மடங்கு அக்கறையாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் அணிதானே என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோல்விகளும் நம்முடையவைதான். 2023ல் சேப்பாக்கம் அணிக்கு எதிராக நம் பந்துவீச்சாளர் கடைசிப் பந்தை முடிப்பதற்குள், நோபாலும் வைடும் சிக்ஸருமாகச் சேர்ந்து 18 ரன் போனது. உலகமே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை மறுபடி மறுபடி ஓடிவந்து வீசினாரே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவிலிருந்து வந்த கையோடு ஜூன் மாதம் வாழப்பாடி பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டி மைதானத்துக்குப் பேரன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். 2020ல் திறந்த மைதானம். சுற்றிலும் மலை தெரியும். விளக்கு போட்டதும் புல் பளிச்சென்று இருக்கும். எங்களுக்கு முன்வரிசையில் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். தட்டுவடை செட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சிறுமி ஒவ்வொரு ஓவருக்கும் ஸ்கோரை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ரன் ஓடத் தவறிய ஒரு வீரரை யாரோ ஏசினபோது, "நம்ம ஆளை எதுக்குங்க திட்டறீங்க?" என்று திரும்பிக் கேட்டாள். அந்த வீரர் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆட்டம் முடிய இரவு பதினொன்றுக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் ஆத்தூர் பஸ்ஸெல்லாம் நிரம்பித்தான் வருகிறது. குழந்தைகளோடு பெண்கள் ரோட்டோரம் நிற்கிறார்கள். ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் புதிய பஸ் நிலையத்துக்கு நாலு வண்டி விட்டால் கூட்டம் இன்னும் வரும். கூட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வின்னிபெக்கே சாட்சி. கொரோனாவுக்குப் பிறகு அங்கே சீசன் டிக்கெட் எடுப்பவர்கள் 13,000லிருந்து சுமார் 9,500 ஆகக் குறைந்ததும், 2024ல் முதலாளியே வெளிப்படையாகக் கவலைப்பட்டுப் பேச வேண்டியதாயிற்று.

நடராஜன் விஷயத்தில் எனக்கும் ஆசை உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியத் தொப்பியோடு அவர் நின்றபோது இந்த மாவட்டத்தில் மகிழாத வீடு எது? சின்னப்பம்பட்டியில் மைதானம் கட்டிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு ஆடினாலும் அவர் நம்மவர். வின்னிபெக்கில் பிறந்த ஜானதன் டேவ்ஸ் சிகாகோவுக்குக் கேப்டனாக இருந்து மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர். உடல்நலம் கெட்டு இரண்டு பருவம் ஆடாமல் இருந்தவர், 2025ல் 37 வயதில் சொந்த ஊர் அணிக்கு ஆட ஒப்பந்தம் போட்டார். மகள் போனில் சொன்னாள், பெரியவர் புதுச் சட்டை வாங்கிவிட்டாராம். நடராஜன் சேலம் சட்டை போட்டு காட்டுவேப்பிலைப்பட்டியில் முதல் ஓவர் வீசும் நாளை நானும் பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. டி.என்.பி.எல். நடக்கும் நாட்களில் மட்டும் சேலம் பதிப்பில் நம் அணிக்கு இடம் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் மாவட்ட லீக், பள்ளி ஆட்டங்கள், கிராமத்து டென்னிஸ் பால் போட்டிகள் எதன் ஸ்கோரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கால் பத்தி ஒதுக்குங்கள். யார் எத்தனை ரன், யார் எத்தனை விக்கெட், அவ்வளவு போதும். ஆள் பற்றாக்குறை என்றால் மைதானத்திலிருந்து நானே எழுதி அனுப்புகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
உருக்காலை ஓய்வூதியர் ஒருவர்,
அழகாபுரம், சேலம்.