உனக்குக் குணமாகவில்லை, குட்டி

அன்புள்ள குட்டி,

உன் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது. இந்தியில் அதற்குப் பொம்மை என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு குட்டி உண்டு, அதனால் உன்னை 'நீ' என்றே கூப்பிடுகிறேன்.

நேற்று ராத்திரி உன்னை மறுபடியும் பார்த்தேன். 1971-இல் வந்த 'குட்டி' (Guddi) என்ற இந்திப் படம், நீதான் அதன் நாயகி. நான் முதலில் பார்த்தபோது எனக்கும் உன் வயசுதான். கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒரு நடிகரின் படத்தைச் செருகி வைத்திருந்த காலம். யார் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லவில்லை. நீ இந்தி நடிகர் தர்மேந்திராவை மனசில் வைத்துக்கொண்டு மீரா கணக்காகத் திரிந்தபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கன்னம் சூடாகிவிட்டது.

உன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் நவீனின் மாமா மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உத்பல் தத் நடித்தார் என்பதற்காக மன்னிக்கலாம். மாமா, நவீன், தர்மேந்திராவாகவே வரும் தர்மேந்திரா என்று மூன்று ஆண்கள் கூடி உன் ஆசைக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புகிறார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

சரி, சினிமா எடுக்கும் இடத்தையே காட்டும் அந்த வைத்தியம் நன்றாகத்தான் இருக்கிறது. அடி வாங்குவது டூப், கைதட்டல் ஹீரோவுக்கு. நடிகனாகப் போகிறேன் என்று பம்பாய்க்கு ஓடிய குந்தன் கூட்டத்தில் ஒருவனாக நிற்கிறான். குந்தனாக நடித்த அஸ்ரானியின் அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது. நீ வில்லன் என்று பயந்த நடிகர் பிரான், பழகினால் தங்கமான மனுஷன்.

அப்புறம் அந்தப் பாழடைந்த ஸ்டுடியோ. இயக்குநர் பிமல் ராய் படம் எடுத்த தளம். தர்மேந்திரா உன்னை அங்கே கூட்டிப்போய்ப் பேசுகிறாரே, அது எனக்கு வெறும் வசனமாகப் படவில்லை. 'பந்தினி'யில் அவரைச் சிறை டாக்டராக நடிக்கவைத்தவர் பிமல் ராய். உன் கதையை எழுதிய குல்சார் பாட்டெழுத வந்ததும் அதே படத்தில்தான். இயக்குநர் ரிஷிகேஷ் முகர்ஜியோ பிமல் ராயிடம் எடிட்டராக இருந்தவர். மூன்று பேரும் அந்த இடிந்த சுவர் வழியாகத் தங்கள் வாத்தியாரைக் கும்பிடுகிறார்கள். நீ பாவம், சினிமாவின் மறுபக்கம் தெரியட்டும் என்று கூட்டிவந்ததாக நினைத்துக்கொண்டாய்.

எனக்குத் தர்மேந்திராவை ரொம்பப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். ஹீரோ வேஷத்தைக் கழற்றி வைத்தால் உள்ளே இருப்பவர் அதைவிட நல்லவராக இருக்கிறார். இதில் உனக்கு எங்கே குணமாகும்? நவீன் நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவனோடு நீ சிரித்துக்கொண்டு போனதை நான் முழுசாக நம்பவில்லை.

உன்னைத் தர்மேந்திரா ஒரு தடவைகூடக் கேலி செய்யாததற்கும் காரணம் இருக்கிறது. பஞ்சாபில் பையனாக இருந்தபோது நடிகை சுரையாவுக்காக 'தில்லகி' படத்தை 40 தடவை பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நீ பார்த்ததைவிட அதிகம் இருக்கும்!

உனக்குப் பாடியவர் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம், தெரியுமா? 'போலே ரே பபீஹரா' என்று அந்தப் புதுக் குரல் மல்ஹார் ராகத்தில் எழும்போது மழை வந்ததுபோலவே இருக்கும். முதலில் உங்களுக்குக் கிடைத்துவிட்டு, அப்புறம்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார். 2023-இல் அவரும் போய்விட்டார்.

2025 நவம்பரில் தர்மேந்திராவும் காலமானார். 89 வயசு. செய்தி வந்ததும் எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கு யார் சொல்லியிருப்பார்கள், நவீனா?

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல். அவனுக்குத் தெரியாமல் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? என் கணக்கு நோட்டு இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா