பம்ப் கெடவே இல்லை, ஸ்டாண்டு சுவிட்சில்தான் களிம்பு: ₹5,150 திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம்

பொருள்: வண்டி டேங்குக்குள் இருக்கும், கெடாத பெட்ரோல் பம்பை மாற்றி ₹5,150 வாங்கியது, பழைய பம்பைத் திருப்பித் தராதது, அடுத்து ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாற்றச் சொன்னது

ஐயா / அம்மா,

உங்கள் 125 சிசி வண்டியை 2021-இல் வாங்கினேன். பிஎஸ்6, இன்ஜெக்‌ஷன் மாடல், 5 வருஷ வாரண்டி. ஊர் பாபநாசம் (அருவி இருக்கிற பாபநாசம் இல்லை, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம்). கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், தினமும் போக வர இந்த வண்டிதான். நாலு வருஷமாக ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிடாமல் உங்கள் சர்வீஸ் சென்டரில்தான் விட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், வெளியில் காட்டியதால் கெட்டது என்று உங்கள் பதில் கடிதத்தில் ஒரு வரி வரும் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம், 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். ராத்திரி பத்தரை மணிக்குத் திரும்பும்போது நல்ல மழை, சுந்தரபெருமாள்கோவில் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் நின்றுபோன வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்கிற அளவுக்குத் தெரியும். பெட்ரோல் இருந்தது. இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. பிளக் கேப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் இரண்டு வினாடி 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் வருமே, பம்ப் ஓடுகிற சத்தம், அது தெளிவாக வந்தது. கோளாறு இருந்தால் எரிகிற, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை. நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டார்ட் ஆனது, ஒழுங்காக ஓடியது. முதல் கியர் போட்டதும் பட்டென்று அணைந்தது. மறுபடி நியூட்ரல், ஸ்டார்ட், கியர், அணைந்தது. ஏழெட்டு தடவை பார்த்தேன், ஒரு தடவைகூட மாறவில்லை. மீட்டரில் ஸ்டாண்டு படம் போட்ட சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னியதையும் பார்த்தேன், மழைத் தண்ணீரின் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கிருந்து தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். ஆப்பில் ஸ்லாட் போட்டால்தான் எடுப்போம் என்றார்கள், ஆப்பில் பார்த்தால் ஆறு நாள் கழித்துத்தான் ஸ்லாட். அப்புறம் நேரில் போய்க் கெஞ்சி, ₹600 கொடுத்துக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். சர்வீஸ் அட்வைசரிடம் மேலே சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் சத்தம் வருகிறது, நியூட்ரலில் ஓடுகிறது, கியர் போட்டால்தான் அணைகிறது, ஸ்டாண்டு விளக்கு மின்னுகிறது. அவரும் எழுதிக்கொண்டார். ஜாப் கார்டில் அவர் கையெழுத்திலேயே 'கியர் போட்டால் ஆஃப், ஸ்டாண்டு லைட்' என்று இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தை மட்டும் பாருங்கள். வியாதியின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன், உங்கள் ஆள் எழுதியும் விட்டார், அதை உள்ளே வேலை செய்தவர் யாரும் படிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து பில் வந்தது. பெட்ரோல் பம்ப் 3,940, லேபர் 500, இன்ஜெக்டர் கிளீனிங் 350, வாட்டர் வாஷ் 150, கன்ஸ்யூமபிள்ஸ் 120, செயின் லூப் 90. மொத்தம் 5,150. பம்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு போன்கூட இல்லை. வாரண்டி இருக்கிறதே என்று கேட்டேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இப்போது 20 சதவீதம் எத்தனால் போடுகிறார்கள் அல்லவா, அதனால் பம்ப் போய்விட்டது, அது வாரண்டியில் வராது என்றார்கள். சரி, அந்தத் தண்ணீரைக் காட்டுங்கள் என்றேன். கொட்டிவிட்டார்களாம். பழைய பம்பையாவது கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம். 3,940 ரூபாய் சாமானுக்குப் பதிலாக எடுத்த பழசைக் கண்ணில்கூடக் காட்டாமல் எப்படி ஐயா ஸ்கிராப்பில் போடுவீர்கள்? எங்கள் கடையில் பழைய பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மாற்றுகிறவர்களுக்கு அவர்கள் கண்ணெதிரில் எடை போட்டுத்தான் எடுத்துக்கொள்வோம்.

வண்டி நாலு நாள் நன்றாக ஓடியது. அடுத்த மழையில் அதே நியூட்ரல், அதே கியர், அதே சாவு. மறுபடி குட்டியானை, மறுபடி 600. இந்தத் தடவை உங்கள் ஆட்கள் அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள், ஈசியூ போய்விட்டது, பத்தாயிரம் பக்கம் ஆகும், பொருள் வரப் பத்து நாள். ஸ்கேனர் மாட்டிப் பார்த்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். சிஸ்டத்தில் இருக்கிறது, பிரிண்ட் கொடுக்க மாட்டோம் என்றார்கள். வண்டியைத் திருப்பிக் கேட்டதற்கு, வெளியில் காட்டினால் வாரண்டி கட் ஆகிவிடும் என்று ஒரு மிரட்டல் வேறு. எத்தனால் என்றதும் வராமல் போன வாரண்டி, வெளி மெக்கானிக் என்றதும் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

ஊருக்குக் கொண்டுவந்து டீக்கடைக்காரரிடம் நல்ல மெக்கானிக் யார் என்று கேட்டேன். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. "பால்காரர் வண்டியும் கூரியர் பையன் வண்டியும் எந்தக் கடை வாசலில் நிற்குதுன்னு பாருங்க, அங்கே விடுங்க" என்றார். ஒரு நாள் வண்டி நின்றாலும் பிழைப்புப் போகிறவர்கள் தப்பான ஆளிடம் இரண்டாம் தடவை போக மாட்டார்கள் அல்லவா. அப்படித்தான் ரயிலடிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடிக் கடைக்குப் போனேன். அந்த அண்ணன் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் கேள்விதான் கேட்டார். ஓடும்போது இழுத்து இழுத்து நின்றதா, ஒரேயடியாக நின்றதா? நியூட்ரலில் எவ்வளவு நேரம் ஓடும்? கடைசியாக எப்போது வாட்டர் வாஷ் பண்ணினீர்கள்? கியர் போட்டால்தான் அணைகிறது என்றதும் சிரித்துவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே குனிந்தார்.

சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் கியரில் வண்டி கிளம்பக் கூடாது என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறீர்களே, அதன் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. பாத்திரக்கடைக்காரனுக்குக் களிம்பு தெரியாதா? ஈரம் பட்டதும் அந்தச் சுவிட்ச் ஸ்டாண்டு கீழே இருப்பதாகச் சொல்லிவிடுகிறது, வண்டியும் அதை நம்பி அணைந்துவிடுகிறது. வண்டியைப் பொறுத்தவரை அது கோளாறே இல்லை, ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதனால்தான் மஞ்சள் விளக்கும் எரியவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் சென்டரில் விட்ட பிறகு நாலு நாள் ஏன் ஓடியது என்பதற்கும் அவரே பதில் சொன்னார். வாட்டர் வாஷ் முடிந்ததும் கம்ப்ரசர் காற்று அடிப்பார்கள், அதில் ஈரம் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆக, என் வண்டியை நாலு நாள் ஓடவைத்தது 3,940 ரூபாய்ப் பம்ப் இல்லை, கடைசியில் அடித்த காற்று. அந்தக் களிம்பே வருஷக்கணக்காக வாட்டர் வாஷ் குழாயை அந்த இடத்தில் நேராகப் பிடித்ததால் வந்திருக்கலாம் என்பது அவர் சந்தேகம். அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வாஷ் எல்லாமே உங்களிடம்தான்.

புது சுவிட்ச் 320, கூலி 100. பழைய சுவிட்சைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார், நான் கேட்கவேயில்லை. எத்தனால் கதையைச் சொன்னதும், டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயில் படாமல் வைத்தார். தண்ணீர் அதிகம் கலந்திருந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாக ஒரு கோடு போல் தங்கும் என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், ஒரு கோடும் இல்லை. நடுவில் நான் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் போடவில்லை, உங்கள் சென்டரிலிருந்து வந்த அதே பெட்ரோல்தான். நீங்கள் டேங்கைச் சுத்தம் செய்துவிட்டீர்கள் என்று சொல்லலாம், ஆனால் டேங்க் சுத்தம் செய்ததாக உங்கள் பில்லில் ஒரு வரி இல்லை. செயின் லூப்புக்கே 90 போட்டவர்கள் அதை விட்டிருப்பீர்களா?

செயின் என்றதும் இன்னொன்று. உங்கள் கையேட்டில் செயின் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும் என்று போட்டிருக்கிறது. உங்கள் ஆட்கள் இறுக்கியதில் ஒரு விரலை வைத்து அமுக்கினாலும் அசையவில்லை, ஓடும்போது ஊளை மாதிரி ஒரு சத்தம். நடுவில் பேரிங் போயிருந்தால் அதற்கும் ஒரு பில் வந்திருக்கும். இரண்டு டயரிலும் 40 காற்று, முன்னால் 25 என்று செயின் கவரிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். மழை ரோட்டில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது இதுதான். ₹5,150-ஐத் திருப்பித் தாருங்கள், இரண்டு தடவை குட்டியானைக்குக் கொடுத்த 1,200 சேர்த்து 6,350. தீபாவளி வாரத்தில் பஸ்ஸில் தொங்கியதற்கு நான் கணக்குப் போடவில்லை. என் பழைய பம்ப் அல்லது அது ஸ்கிராப்பில் போனதற்கான பதிவு வேண்டும். ஸ்கேனர் ரிப்போர்ட் இருந்தால் அதன் நகல், இல்லையென்றால் ஸ்கேனரே மாட்டவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். 420 ரூபாய் சுவிட்ச் வேலை என் வாரண்டியைப் பாதிக்காது என்று ஒரு கடிதமும் வேண்டும். அப்புறம், இது பணம் சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உங்கள் கையேட்டில் வண்டி நின்றால் என்ன செய்வது என்கிற பக்கத்தில் பெட்ரோல் பாருங்கள், டீலரை அணுகுங்கள் என்று இரண்டே வரிதான் இருக்கிறது. மழையில் நியூட்ரலில் ஓடிக் கியரில் அணைந்தால் ஸ்டாண்டு சுவிட்சைப் பாருங்கள் என்று மூன்றாவதாக ஒரு வரி, தமிழில், சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பழுதுபார்க்கும் விவரங்களை வாடிக்கையாளருக்குத் திறந்து வைக்கச் சொல்லி 2022 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் உண்டு.

15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு நான் வர வேண்டியதில்லை, 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கு எழுதுகிறவன் தேதி போடாமல் எதையும் விட மாட்டான், அதனால் சொல்கிறேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து "எங்கள் சேவையில் திருப்தியா, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று இரண்டு குறுஞ்செய்தி வந்தது. இரண்டாவது வந்தபோது வண்டி குட்டியானை மேல் இருந்தது.

இப்படிக்கு,
பாபநாசத்து வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு படம், ₹5,150 பில், குட்டியானை ரசீது இரண்டு, களிம்பு பிடித்த கனெக்டரின் படம், பாட்டில் படம். பழைய சுவிட்ச் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வந்து பார்க்கலாம்.